பக்கத்தில் இருப்பவரும் மனத்தில் இருப்பவரும்

'அன்பு' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி வைத்தால் எங்கள் வகுப்பில் பெயர் கொடுக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தாயன்பு, நாட்டன்பு, பிறரன்பு என்று முழங்கிப் பரிசும் வாங்கிவிடுவோம். ஆனால் ஒருவரை நமக்கு ஏன் பிடிக்கிறது, அந்தப் பிடித்தம் எப்போது அன்பாகிறது, எப்போது வெறும் மயக்கமாகவே நின்றுவிடுகிறது என்று யாராவது கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்போம். வீட்டில் கேட்டாலோ, "இந்த வயசுல இது என்ன கேள்வி?" என்று பதில் வரும். இந்த வயதில்தான் இந்தக் கேள்வி வருகிறது என்பதே எங்கள் பணிவான மறுமொழி.

இதை எழுதத் தூண்டியது ஒரு காலி இடம். எங்கள் வகுப்பில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒருத்தியின் இடம் காலியாக இருக்கிறது. அவள் பெயரை நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை. அவளுடைய கணக்கு நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்ததை வீட்டில் பார்த்துவிட்டார்கள். காலையில் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் தினமும் வந்து நிற்கும் ஒரு பையன் கொடுத்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. இப்போது விடியுமுன் அம்மாவோடு ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறாள் என்று அவள் தெருத் தோழிகள் சொன்னார்கள். நல்ல இடம் அமைந்தால் முடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம்.

அவள் செய்தது தவறா, பெற்றோர் செய்தது சரியா என்று இடைவேளையில் எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. வாதத்தால் ஒன்றும் தெளியவில்லை. ஆகவே மனோதத்துவ அறிஞர்கள் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். ஆங்கிலத்தில் புரியாத பகுதிகளை சிஸ்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். படித்ததையும் எங்களுக்குத் தோன்றியதையும் தோழியர், சிஸ்டர்கள், பெற்றோர் ஆகிய உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நட்பைப் பார்ப்போம். "உன் உயிர்த்தோழி யார்? அவளை ஏன் பிடித்தது?" என்று எங்கள் வகுப்பில் ஒவ்வொருத்தியையும் கேட்டோம். நல்ல குணம், ஒத்த ரசனை, உதவும் மனம் என்று பல காரணங்கள் வந்தன. பிறகு, "ஆறாம் வகுப்பில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தாள்?" என்று கேட்டோம். சிரிப்பு வந்துவிட்டது. பெரும்பாலோர் சொன்னது முன்பு சொன்ன அதே பெயரைத்தான்! அன்று டீச்சர் எங்களை உயர வரிசைப்படி உட்கார வைத்தார். எங்கள் நட்பை விதி முடிவு செய்ததாக நினைத்திருந்தோம். முடிவு செய்தது எங்கள் உயரம்!

இது எங்கள் வகுப்புக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலக் காவல் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி பெற்றவர்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே அறையும் இருக்கையும் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி ஒதுக்கப்பட்டன. உன் நெருங்கிய நண்பர்கள் யார் என்று கேட்டபோது, பெயர்ப் பட்டியலில் தமக்கு முன்னும் பின்னும் இருந்தவர்களையே பலர் சொன்னார்கள். மதம், வயது, பொழுதுபோக்கு ஆகியவற்றையெல்லாம் விட அகர வரிசையே வலிமையாக இருந்தது.

இதற்கும் முன்பு, 1950இல், ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பாக் என்ற மூன்று அறிஞர்கள் ஒரு நூல் வெளியிட்டார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த திருமணமான மாணவர்களின் குடியிருப்பை அவர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே யாரும் தாமாக வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. காலியான வீடு ஒதுக்கப்பட்டது. ஆனாலும் ஒரே மாடியில் அடுத்த வீட்டாரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 41. ஒரு வீடு தள்ளியிருந்தால் அது 22 ஆகக் குறைந்தது. மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 மட்டுமே. நடுவில் இருந்தது சில கதவுகள்தாம். அந்தச் சில கதவுகளே நட்பின் அளவை மாற்றிவிட்டன.

பேசிப் பழகினால் நட்பு வருவது இயல்பு, அதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். பேசவே வேண்டாம், பார்த்துக் கொண்டிருந்தாலே போதும் என்கிறது வேறோர் ஆய்வு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லேண்ட், பீச் என்ற இருவர் செய்து 1992இல் வெளியிட்டது அது. ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள நான்கு பெண்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பெரிய வகுப்புக்கு ஒருத்தி 15 முறை வந்து உட்கார்ந்தாள், ஒருத்தி 10 முறை, ஒருத்தி 5 முறை. நாலாமவள் வரவே இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது ஏற்பாடு. பருவ முடிவில் நால்வரின் படங்களையும் மாணவர்களிடம் காட்டினார்கள். அதிக முறை வந்தவளையே அவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது! அவளை முன்பு பார்த்ததாகக்கூட அவர்களுக்குச் சரியாக நினைவில்லை. கண் பழகிவிட்டது, மனம் அதைப் பிரியம் என்று எடுத்துக் கொண்டது.

இதைப் படித்தபோது எங்களுக்குப் பேருந்து நிற்கும் இடம் நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் அதே நேரம், அதே மரத்தடி, அதே முகம். சிலமலையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் போடிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான். ஒரு வருடத்தில் எத்தனை காலைகள்! பேசாமல் 15 முறை பார்த்தாலே பிடித்துப் போகும் என்றால், வருடம் முழுவதும் பார்த்த முகம் பிடித்துப் போவதில் என்ன அதிசயம்? அது நம் தோழியின் கெட்ட குணம் அல்ல. அவன் அவளுக்கென்றே பிறந்தவன் என்பதற்கு அது சாட்சியும் அல்ல. வேறு நேரப் பேருந்தில் அவள் வந்திருந்தால் வேறொரு முகம் பழகியிருக்கும்.

கையில் கைப்பேசி இருப்பவர்களுக்கு மரத்தடிகூடத் தேவையில்லை. அடுத்தடுத்துத் திரையில் வரும் முகம் பக்கத்து வீட்டு முகம் போல ஆகிவிடுகிறது. அந்த முகத்துக்கு உரியவர் எங்கே இருக்கிறார், எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது. ஆனால் மனம், "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடும்.

"முகம் பழகியது என்றே வைத்துக் கொள்வோம். அவனைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறதே, அது காதல் இல்லையா?" என்று ஒரு தோழி கேட்டாள். அதற்கும் ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. கனடாவில் வான்கூவர் நகரத்தை ஒட்டி கேபிலானோ என்ற தொங்கு பாலம் உள்ளது. ஆற்றுக்கு மேல் சுமார் 70 மீட்டர் உயரத்தில் கால் வைத்தாலே ஆடும் பாலம். அதைக் கடந்து வந்த இளைஞர்களை ஒரு பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டு, மேலும் விவரம் வேண்டுமானால் பேசலாம் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். இன்னொரு தாழ்வான, ஆடாத மரப்பாலத்திலும் அப்படியே செய்தார்கள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கியவர்களில் பாதிப்பேர் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் மிகச் சிலரே கூப்பிட்டார்கள். டட்டன், ஆரோன் என்ற அறிஞர்கள் 1974இல் இதற்குக் கூறிய விளக்கம்: பயத்தால் வந்த படபடப்பை அந்த இளைஞர்கள் அவள் மேல் வந்த பிரியம் என்று எண்ணிக் கொண்டார்கள்.

நமக்குப் பாலம் தேவையில்லை, போடிமெட்டு மலைப்பாதை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவர் கையை யாராக இருந்தாலும் பிடித்துக் கொள்வோம். நெஞ்சு அடித்துக் கொள்ளும். அது பாதையின் வேலை, பக்கத்தில் இருப்பவரின் வேலை அல்ல. நம் தோழியின் நிலையும் இதுதானோ என்று நினைத்தோம். நோட்டுக்குள் கடிதம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம், வாசலில் அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டாலே நடுக்கம். இத்தனை பயத்தில் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? அதில் பயம் எத்தனை பங்கு, பிரியம் எத்தனை பங்கு என்று பதினைந்து வயதில் யாரால் பிரித்துப் பார்க்க முடியும்?

அப்படியானால் அன்பு என்பதே பொய்யா? இல்லை. பழக்கமும் படபடப்பும் தொடக்கம் மட்டுமே என்கிறோம். ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் என்ற அறிஞர் 1986இல் முழுமையான அன்புக்கு மூன்று பக்கங்கள் உண்டு என்று எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த நெருக்கம், உள்ளத்தை இழுக்கும் வேகம், எது வந்தாலும் கைவிடாத உறுதி. வேகம் ஒரே நாளில் வந்துவிடும். நெருக்கத்துக்குப் பேச்சும் காலமும் வேண்டும். உறுதிக்கு நம் காலில் நாம் நிற்கும் வயது வேண்டும்.

இதை விளக்க எங்கள் ஊர் அம்மாக்களுக்குப் புத்தகம் தேவையில்லை. ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒன்றாக விளைவதில்லை. ஒரே சரத்தில் விளைந்த காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். காய் எடுப்பவர்கள் விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டுப் பிஞ்சை விட்டுவைப்பார்கள். முப்பது நாற்பது நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வருவார்கள். அவசரப்பட்டுப் பறித்த பிஞ்சு உலர்த்தினால் சுருங்கிப் போகும், விலையும் போகாது. பிஞ்சாக இருப்பது காயின் குற்றமா? இல்லையே! அதைப் பறிக்காமல் விட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பிரியங்களையும் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறோம். "காதல்" என்று நாங்களே அவசரப்பட்டுப் பறிக்க வேண்டாம். "கெட்டுவிட்டாள்" என்று நீங்களும் செடியோடு பிடுங்க வேண்டாம்.

இனி எங்கள் பெற்றோரிடம் சில வார்த்தைகள். கோபிக்காமல் கேளுங்கள்.

"எங்களுக்கெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் முகமே தெரியாது, பழகப் பழகப் பிரியம் வந்தது" என்று நீங்களே சொல்வீர்கள். 1982இல் ஜெய்ப்பூரில் உஷா குப்தா, புஷ்பா சிங் என்ற இருவர் 50 தம்பதியரிடம் நடத்திய ஆய்வு இதற்கு ஆதரவாகவே இருந்தது. விரும்பி மணந்தவர்களிடம் தொடக்கத்தில் அதிகமாக இருந்த அன்பு வருடங்கள் செல்லக் குறைந்ததாம். பெரியவர்கள் பார்த்து வைத்த தம்பதியரிடம் அது வளர்ந்ததாம். ஆனால் அது சிறிய ஆய்வு. அமெரிக்காவில் வாழும் இந்தியத் தம்பதியரிடம் செய்து 2012இல் வெளிவந்த ஆய்வில் இரு வகையினருக்கும் அன்பில் வேறுபாடு தெரியவில்லை. எந்த வகைத் திருமணம் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் வயது எங்களுக்கு இல்லை. அருகில் இருப்பதால் பிரியம் வளரும் என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை என்பதையே நினைவூட்டுகிறோம். உங்களிடம் வளர்ந்தால் நல்லது என்று போற்றப்படும் அதே இயல்பு எங்களிடம் தலைகாட்டினால் மட்டும் பெருங்குற்றம் ஆகலாமா?

"அருகில் இருப்பதால் வந்த பிரியம் விலக்கினால் போய்விடும். அதனால்தான் பள்ளியை நிறுத்தினோம்" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்களும் இதைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தோம். அவளை யாரிடமிருந்து விலக்கினீர்கள் என்பதே எங்கள் பதில் கேள்வி. அந்தப் பையன் அதே மரத்தடியில்தான் நிற்கிறான். அவன் படிப்பு நிற்கவில்லை. அவள் விலகியது எங்களிடமிருந்து, டீச்சர்களிடமிருந்து, புத்தகங்களிடமிருந்து. தினமும் பார்க்கும் நல்ல முகங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டால் அவள் மனத்தில் மிஞ்சுவது எது? மறக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்த அந்த ஒரே முகம்தான். பேருந்து நேரத்தை மாற்றலாம், ஒரு மாதம் அம்மாவோ பாட்டியோ உடன் வந்து ஏற்றிவிடலாம், உட்கார வைத்துப் பேசலாம். வழி பல இருக்கிறது. படிப்பை நிறுத்துவது அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது.

18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்து வைப்பது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டத்துக்குப் பயந்து அல்ல, எங்கள் மேல் உள்ள அன்பால் நீங்கள் அதைச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறோம். அப்படி ஒரு நிலை எந்தத் தோழிக்கு வந்தாலும் 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும் என்பதை எல்லா மாணவிகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எந்தத் தெருவில் பிறந்தோமோ அந்தத் தெரு முகங்களையே நாம் பார்த்து வளர்கிறோம். விசேஷம், துக்கம் தவிர ஒரு தெருக்காரர் மறு தெருவுக்குப் போகாத ஊர்கள் உண்டு. அந்தத் தெருக்காரர்களை நமக்கு ஏன் பிடிப்பதில்லை? அவர்கள் தீயவர்கள் என்பதாலா? அவர்களைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை என்பதால்தான். இந்த ஒழுங்கை மாற்றக்கூடிய ஒரே இடம் வகுப்பறை பெஞ்சு. மேலத்தெருப் பெண்ணும் கீழத்தெருப் பெண்ணும் மலைத்தோட்டத்திலிருந்து விடுதிக்கு வந்து தங்கிப் படிக்கும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். மாதம் ஒருமுறை இடம் மாற்றி உட்கார வைக்குமாறு சிஸ்டர்களையும் டீச்சர்களையும் கேட்டுக் கொள்கிறோம். நிச்சயம் முதல் வாரம் முணுமுணுப்போம். பிறகு பழகிவிடும்!

அருகாமை மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பை ஆராய்ந்து 1976இல் வெளியான ஆய்வில், பிடிக்காதவர் யார் என்று கேட்டதற்கும் பலர் அக்கம்பக்கத்தாரையே சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியை அறிந்த நமக்கு இதற்கு ஆய்வே வேண்டாம். பக்கத்தில் உட்கார வைப்பதோடு சேர்ந்து செய்யும் வேலையும் வேண்டும். சேர்ந்து கோலம் போட்டவர்கள், சேர்ந்து நாடகம் நடித்தவர்கள், சேர்ந்து கூடைப்பந்தில் தோற்றவர்கள் எளிதில் பகைத்துக் கொள்வதில்லை.

தோழியரே, நமக்கு நாமே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளைச் சொல்கிறோம். ஒருவர் மேல் பிரியம் என்று தோன்றினால் முதலில், ஒரு மாதம் பார்க்காவிட்டால் நான் தேடுவது அந்த மனிதரையா, அந்தப் படபடப்பையா என்று கேட்போம். இரண்டாவதாக, அவருக்குக் கோபம் வந்தால் எப்படி நடந்து கொள்வார், தன் அம்மாவிடமும் தங்கையிடமும் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியுமா? மூன்றாவதாக, நான் 'வேண்டாம்' என்று சொன்னால் அவர் அதை மதிப்பாரா? இவற்றுக்குப் பதில் தெரியாதவரை நம்மிடம் இருப்பது பழகிய ஒரு முகம், அவ்வளவுதான். அதற்காக வெட்கப்படவும் வேண்டாம், அதை நம்பி வீட்டை விட்டுப் போகவும் வேண்டாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்வோம். அப்படிச் சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையைப் பெரியவர்கள் எங்களுக்குத் தர வேண்டும்.

கடைசியாக ஒரு பழைய கதை. உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டே நட்புக் கொண்டார்கள். உணர்ச்சி ஒத்திருந்தால் பார்த்துப் பழக வேண்டியதில்லை என்ற கருத்தைத் திருவள்ளுவரும் நட்பு அதிகாரத்தில் சொல்கிறார். சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, என் நண்பன் வருவான், அவனுக்கு ஓர் இடம் வையுங்கள் என்றான். பார்த்திராத நண்பர் வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். பிசிராந்தையார் வந்தார். அவருக்காக வைத்த இடத்தில் அமர்ந்தார். கண் பழகியதால் வரும் பிரியத்துக்கும் மனம் அறிந்ததால் வரும் அன்புக்கும் உள்ள தூரத்தை இந்தக் கதை காட்டுகிறது.

நாங்கள் எங்கள் தோழியை இப்போது பார்ப்பதில்லை. அவள் ஜீப்பில் ஏறும் நேரத்தில் நாங்கள் தூங்கிக் கொண்டிருக்கிறோம். ஆனாலும் அவளுடைய பாடக் குறிப்புகளை முறை வைத்து எழுதி வருகிறோம். அவள் வீட்டுக்குச் சென்று பேசுவதாகத் தலைமைச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். மாதாமாதம் பெஞ்சு மாறினாலும் மாறட்டும். எந்த பெஞ்சானாலும் அவளுக்கு ஓர் இடம் விட்டே உட்கார்வோம். அவள் பெற்றோர் இந்த மலரைப் படித்தால், அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி